எவரிஸ்தோவின் கை செய்த கொலைகள்

எவரிஸ்தோவின் சவரக் கத்தியைப் பற்றி எங்கள் குவாத்ராரோ பேட்டையில் சொல்லப்படுவதில் பாதியை நம்பினால் போதும். கன்னத்தில் உட்கார்ந்த கொசுவைப் பறக்கவிடாமல் அதன் மீசையை மட்டும் மழித்து அனுப்பினார் என்பார்கள். அந்தக் கொசுவுக்கு மீசை இருந்ததா என்று யாரும் விசாரித்ததில்லை. ஆனால் நாற்காலியில் தூங்கிப்போன மனிதரை எழுப்பாமல் சவரம் செய்து, பவுடர் போட்டு, துண்டை உதறினார் என்பது சத்தியம். அந்த மனிதர் என் கணவர். வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குத் தூக்கம் கலையவில்லை.

டிராம் தண்டவாளத்தை ஒட்டி இரண்டு நாற்காலி போட்ட கடை. ஒரு நாற்காலியில் வாடிக்கையாளர் உட்காருவார். மற்றதில் வாடிக்கையாளர் என்ற பெயரில் டிராம் கண்டக்டர் ஓரெஸ்தே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சனிக்கிழமை மாலை மட்டும் ஓரெஸ்தே எழுந்து இடம்விட வேண்டும். ஞாயிறு பூசைக்கு மழித்த முகத்தோடு போவது எங்கள் ஆண்களின் மதம். பூசைக்குப் போகாத கம்யூனிஸ்ட்டுகளும் சனிக்கிழமை சவரத்தை விட்டதில்லை.

எவரிஸ்தோவுக்குத் தன் கைகளின் மேல் அப்படி ஒரு கர்வம். மெலிந்த நீண்ட விரல்கள்; எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் தடவி வளர்த்தவை. வீட்டில் தட்டுக் கழுவச் சொன்னால், "எர்சிலியா, இது கை இல்ல, கருவி" என்பார். அவர் மனைவி எர்சிலியா, "அப்ப கருவியால கழுவு" என்பாள்.

அந்தக் கைக்கு ஒரு பழக்கம் இருந்தது. கன்னம் முடிந்து கழுத்துக்கு வரும்போது, "தலையைத் தூக்குங்க" என்று அவர் வாயால் சொல்லமாட்டார். ஆள்காட்டி விரலின் மொளியால் தாடைக்கு அடியில் இரண்டு தட்டுத் தட்டுவார். குதிரைக்காரன் குதிரையைத் தட்டுகிற மாதிரி, மெல்ல. தலை தானாக உயரும், கண் தானாக மூடும். எங்கள் பேட்டையில் மீசை முளைத்த அத்தனை பேருடைய தாடைக்கும் அந்தத் தட்டு தெரியும்.

"முடி வெட்ட எவன் வேணா வெட்டுவான்," என்பார் எவரிஸ்தோ. "சவரம் அப்படி இல்ல. பெத்த தாய்கிட்டகூடக் கழுத்தை இப்படி நீட்டமாட்டான் மனுசன். என்கிட்ட நீட்டறான் பாரு."

அந்த மரியாதைதான் அவருக்குச் சோறு, அதுதான் அவருக்குத் தூக்கம். அதைத்தான் சினிமா வந்து தின்றது.

அந்த வருடங்களில் எங்கும் 'மஞ்சள்' படங்கள்தான். மஞ்சள் அட்டை போட்ட துப்பறியும் கதைகளிலிருந்து வந்த பெயர். படம் என்றால் என்ன படம்! மழை பெய்யும் தெரு, ஒரு அழகி, கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை, ஒரு கத்தி. பிறகு சுவரெல்லாம் சிவப்பு. முகம் கடைசிவரை தெரியாது, தெரியும்போது, "அட, இவளா!" என்று தியேட்டரே எழுந்து நிற்கும். கதையில் காரணம் தேடுகிறவன் அடுத்த வாரம் வரமாட்டான். மற்ற எல்லோரும் வருவார்கள்.

பங்குச் சாமியார் டான் பிளாச்சிதோ கோயில் கதவில் வாராவாரம் ஒரு தாள் ஒட்டுவார். எந்தப் படம் எல்லோருக்கும் ஆகும், எந்தப் படம் பெரியவர்களுக்கு மட்டும், எந்தப் படம் யாருக்கும் ஆகாது என்று அதில் இருக்கும். ஓரெஸ்தே ஞாயிறு பூசை முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் கடைசிப் பகுதியைத்தான் முதலில் படிப்பார்.

"சாமி, இந்த வாரம் யாருக்கும் ஆகாதது ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஏன், பத்தலையா?"

"போன வாரம் மூணு இருந்துச்சே. உங்க உழைப்பு குறையுது."

சலூனில் இதைப் பற்றிச் சண்டை ஓயாது. பொம்பளையைக் கொல்வதைக் காசு கொடுத்துப் பார்க்கிற சமூகம் உருப்படுமா என்று பள்ளி வாத்தியார் கேட்பார். நூற்பாலைக்காரன் ஒருவன், "எட்டு மணி நேரம் மேஸ்திரிக்குப் பயந்து சாகறேன் வாத்தியாரே. அங்க ரெண்டு மணி நேரம் சும்மா பயப்படறேன். விளக்கு போட்டா முடிஞ்சுபோகுது. எந்தப் பயம் அப்படி முடியுது, சொல்லுங்க?" என்பான். வாத்தியாரிடம் பதில் இருந்திருக்கலாம். இருந்தாலும் முகத்தில் நுரையோடு சொல்ல முடியாது.

எவரிஸ்தோ இந்தச் சண்டையில் கலந்துகொண்டதில்லை. அவருக்குச் சினிமா என்பது வேறு ஒரு விஷயம். திங்கட்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அன்று அவர் டிராம் ஏறிப் படப்பிடிப்புத் தளத்துக்குப் போவார், நடிகர்களுக்குச் சவரம் செய்ய. பேரரசர், கொள்ளைக்காரர், பைபிள் காலத்து மீனவர் என்று எத்தனையோ தாடைகள்.

அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை, ஒரு மஞ்சள் படத்தின் தளத்தில் ஒரே கலவரம். கதைப்படி கொலைகாரி ஒரு பியானோ டீச்சர். அதனால் கையுறைகளை மெலிந்த கைக்குத் தைத்திருந்தார்கள். அந்த வேடம் போட்ட நடிகையோ, சவரக் கத்தியைத் திறந்து காட்டினாலே மயங்கி விழுகிறவள். மூன்று முறை விழுந்துவிட்டாள். உதவியாளர்கள் கையெல்லாம் ரொட்டிக்கடைக்காரன் கை, உள்ளே நுழையவில்லை. இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, மூலையில் எவரிஸ்தோ தன் விரல்களுக்கு எலுமிச்சை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சோர் எவரிஸ்தோ!" என்றார், எங்கள் ஊரில் 'ஐயா' என்பதற்கு அதுதான் சொல். "அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க."

கையைக் காட்டச் சொன்னால் எவரிஸ்தோ எங்கே மறுப்பார்? கையுறை தோலோடு தோலாக உட்கார்ந்தது. எதிரே ஒரு பெண்ணின் மெழுகுத் தலை, உள்ளே சர்க்கரைப் பாகில் கரைத்த சிவப்புச் சாயம். "நீங்க சலூன்ல என்ன செய்வீங்களோ அதைச் செய்ங்க, கடைசியில கொஞ்சம் அழுத்திடுங்க" என்றார் இயக்குநர். எவரிஸ்தோ செய்தார். சாயம் அவர் மூக்கில் பீய்ச்சியடித்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு கதையில் கொலையாகிற நடிகையின் நிஜத் தாடையை வைத்து, கத்தி படாமல், இன்னொரு முறை எடுத்தார்கள். போகும்போது ஒரு முழு சலாமித் தொத்திறைச்சியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க எர்சிலியா வீட்டில் சலாமிதான். படம் அவர் நினைவைவிட்டுப் போய்விட்டது.

இலையுதிர் காலத்தில் அது எங்கள் அவ்ரோரா தியேட்டருக்கு வந்தது. 'மெழுகு வண்டின் மூன்றாம் முத்தம்' என்று பெயர். படத்தில் வண்டு இல்லை. முத்தம் ஒன்றே ஒன்று. கோயில் கதவில், யாருக்கும் ஆகாது. ஆகவே பேட்டையே வந்திருந்தது.

எங்கள் ஊரில் படம் தொடங்கும் நேரத்தைப் பார்த்துப் போகிற பழக்கம் அப்போது கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் போவோம். பாதியில் நுழைந்து முடிவைப் பார்ப்போம். மறுபடி முதலிலிருந்து ஓடும்போது, நுழைந்த இடம் வந்ததும் எழுந்துவிடுவோம். எவரிஸ்தோவும் எர்சிலியாவும் அப்படித்தான் இருட்டில் தடவிக்கொண்டு வந்து, எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். என்ன கதை, யார் யார் என்று ஒன்றும் தெரியாது. திரையில் ஒரு அழகி கண்ணாடி முன்னால் சாய்ந்திருக்கிறாள். பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கை வருகிறது.

அந்தக் கை அவள் தாடைக்கு அடியில் இரண்டு தட்டுத் தட்டியது. மெல்ல.

நான் பொய் சொல்வேன், ஆனால் இதில் இல்லை. அந்த நொடியில் தியேட்டரில் இருந்த ஆண்கள் அத்தனை பேருடைய கையும் தங்கள் தாடைக்குப் போனது. முன்வரிசையிலிருந்து பால்கனிவரை, சொல்லிவைத்தாற்போல. திரையில் அவள் தலை உயர்ந்தது, கண் மூடியது. பிறகு சிவப்பு.

எவரிஸ்தோ, "ஐயோ மாதாவே!" என்று கத்தி எர்சிலியாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "எந்தப் பாவி இது! மனுசனா இவன்!"

எர்சிலியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முட்டாளே," என்றாள் மெதுவாக. "அது நீதான்."

படம் முடிந்து மறுபடி தொடங்கியது. அந்த இடம் மறுபடி வரும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை கத்தவில்லை. விளக்கு போட்டபோது தன் வலது கையை மடியில் வைத்து, அடுத்த வீட்டு நாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சில நாட்கள் கொண்டாட்டம்தான். காப்பிக் கடையில் காசு வாங்கவில்லை. பக்கத்துப் பேட்டைப் பெண்கள் கையைப் பார்க்க வந்தார்கள். ஓரெஸ்தே டிராமில் ஏறுகிறவர்களிடம் எல்லாம், "அடுத்த நிறுத்தம், கொலைகாரி பியானோ டீச்சர் வீடு!" என்று கூவினார். எவரிஸ்தோவும் கொஞ்சம் மிதந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு சனிக்கிழமை வந்தது.

முதலில் நூற்பாலைக்காரன் உட்கார்ந்தான். "கட்டிங் மட்டும் போதும், சோர் எவரிஸ்தோ."

"தாடி?"

"வீட்டுலயே பண்ணிட்டேன்."

அவன் கன்னத்தில் நான்கு இடத்தில் ரத்தத்தோடு சிகரெட் தாள் ஒட்டியிருந்தது. அடுத்தவர் வாத்தியார். தாடி வளர்க்கப் போவதாகச் சொன்னார். அடுத்தவருக்குத் தோலில் ஒவ்வாமை. என் கணவர் துணிந்து உட்கார்ந்தார். எவரிஸ்தோ நுரை போட்டார், கன்னம் முடிந்தது; தாடையில் தட்டு விழுந்ததுதான் தாமதம், துண்டோடு எழுந்து வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார். கழுத்தெல்லாம் நுரை.

கடைசியாக ஓரெஸ்தே. எல்லோரையும் கேலி செய்த ஓரெஸ்தே.

"நீயாவது உட்காரு," என்றார் எவரிஸ்தோ.

ஓரெஸ்தே பேப்பரை மடித்தார், பிரித்தார். "இதோ பாரு, டீச்சரம்மா. நீ ஈயைக்கூட அடிக்கமாட்டே. அது எனக்குத் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"என் கழுத்துக்குத் தெரியல."

யார்மேல் கோபப்படுவது? திட்டியவன் எவனும் இல்லை, சந்தேகப்பட்டவன் எவனும் இல்லை. அவரைப் பார்த்தால் கட்டிப்பிடித்தார்கள், மது வாங்கிக் கொடுத்தார்கள். கழுத்தை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சத்தம் கேட்டாலே கடைக்குள் பேச்சு நின்றது.

எர்சிலியா இயக்குநரிடம் போனாள். "அந்தக் கையை மட்டும் வெட்டி எடுத்துடுங்க ஐயா. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

அவர் அவளைக் கட்டி இரு கன்னத்திலும் முத்தமிட்டார். "சிஞ்ஞோரா, படமே அந்தக் கைதான்! அந்த ரெண்டு தட்டு இருக்கே, எழுதி வெச்சு யாராலும் செய்ய முடியாது. அடுத்த படத்துக்கும் அவர் வரணும்."

எவரிஸ்தோ போகவில்லை. போகாவிட்டால் என்ன? ஏற்கெனவே எடுத்த துண்டையே அடுத்த படத்திலும் ஒட்டிவிட்டார்கள். அதற்கடுத்ததிலும். ஒன்றில் கொலைகாரன் ஒரு மருத்துவர், இன்னொன்றில் ஒரு பிரபுவின் தம்பி. கை என்னவோ எவரிஸ்தோவுடையது. அவர் கடையில் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்க, அவருடைய கை நேப்பிள்ஸிலும் தூரினிலும் எங்கெங்கோ ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

நடுவில் ஒரு நம்பிக்கை வந்தது. வடக்கே எங்கோ ஒரு நீதிபதி, 'மெழுகு வண்டு' ஒழுக்கக் கேடான படம் என்று நாடு முழுக்கப் பறிமுதல் செய்யச் சொல்லிவிட்டார். எவரிஸ்தோ கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். "சட்டம்னு ஒண்ணு இருக்கு, எர்சிலியா. வெட்டிடுவாங்க. பாரு." பறிமுதல் என்று பேப்பரில் வந்ததும், அதுவரை பார்க்காத பேட்டைகளும் அந்தப் படத்தைப் பற்றியே பேசின. கொஞ்ச நாளில் படம் திரும்பி வந்தது, வெட்டப்பட்டுத்தான். அந்த அழகி குளிக்கிற காட்சியை எடுத்துவிட்டார்கள். கழுத்து அப்படியே இருந்தது.

"குளிக்கிறது தப்பாம்," என்றார் எவரிஸ்தோ.

கடைசியில் டான் பிளாச்சிதோ தலையிட்டார். பிரசங்கத்தின் நடுவே நிறுத்தி, "இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் எவரிஸ்தோகிட்ட சவரம் பண்ணிக்கப் போறேன். எல்லாரும் வந்து பாருங்க, வெக்கங்கெட்டவங்களா. நான் அந்தக் கண்றாவிப் படத்தைப் பாக்கல. பாக்காதவனுக்குப் பயம் இல்ல. புரியுதா?" என்றார்.

"பாக்காமயா யாருக்கும் ஆகாதுன்னு ஒட்டினீங்க?" என்றார் ஓரெஸ்தே பின்வரிசையிலிருந்து.

"மேலிடத்துல பாத்து எழுதி அனுப்பறாங்க. நான் ஒட்டறேன். உட்காரு."

சனிக்கிழமை, சலூன் ஜன்னலில் மூக்கு வைக்க இடமில்லை. ஓரெஸ்தே டிராமை நிறுத்திவிட்டு வந்துவிட்டதாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதல், மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டுக் குதித்து வந்தார், அவ்வளவுதான். எவரிஸ்தோ வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டிருந்தார். துண்டு, வெந்நீர், நுரை. கன்னங்கள் இரண்டும் மழமழவென்று முடிந்தன. கை பழையபடி ஓடியது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ரத்தம் ஓடியதை நாங்கள் கண்ணாடி வழியே பார்த்தோம். எர்சிலியா கதவோரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு கழுத்து. விரல் மொளி தாடைக்கு அடியில் போனது. தட், தட்.

சாமியார் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பினார். இரண்டு கையும் கைப்பிடியை இறுக்கின, கண் பிதுங்கியது.

ஜன்னலில் ஓரெஸ்தேயின் குரல்:

"பாத்திருக்காரு! சாமி படத்தைப் பாத்திருக்காரு!"

தெரு வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் சாமியார் தலையைத் திருப்பினார். கத்தியின் முனை இருந்த இடத்திலேயே இருந்தது. கழுத்துதான் அதைத் தேடி வந்தது. வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரே ஒரு சொட்டு.

ஜன்னலில் பெண்கள், "ஆ!" என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது: யாரோ கை தட்டினார்கள். ஒருவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள்.

எவரிஸ்தோ கண்ணாடியில் அந்தச் சொட்டைப் பார்த்தார். கத்தியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அந்தக் கை நடுங்கத் தொடங்கியது.

"பரவால்லப்பா, ஒண்ணுமில்ல, முடி," என்றார் சாமியார்.

"முடியல சாமி." கத்தியை மடித்தார். "மன்னிச்சிடுங்க. இது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

மிச்சக் கழுத்தை எர்சிலியா துண்டால் துடைத்துவிட்டாள். சாமியார் மழிக்காத கழுத்தோடுதான் மறுநாள் பூசை வைத்தார்.

அதற்குப் பிறகு எவரிஸ்தோ முடி மட்டும் வெட்டினார். கத்தரிக்கோலுக்கு அந்த நடுக்கம் வரவில்லை. இளைஞர்கள் தோள்வரை முடி வளர்க்கத் தொடங்கிய காலம், அதுவும் குறைந்தது. வருடப் பிறப்புக்கு எங்கள் சவரக்காரர்கள் கொடுக்கிற வாசனைக் காலண்டரை, பட்டுக் குஞ்சலம் கட்டி, எல்லோருக்கும் தவறாமல் கொடுப்பார். முகர்ந்து பார்த்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்கள். "சனிக்கிழமை வாங்க" என்று அவரும் சொல்லமாட்டார், "வரேன்" என்று அவர்களும் சொல்லமாட்டார்கள்.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவரைத் தேடி வந்தார்கள். எங்கள் பேட்டையில் ஆண் இறந்தால், பெட்டியில் வைக்கும் முன் சவரம் செய்ய வேண்டும். அதற்குச் சவரக்காரர் வீட்டுக்கு வருவார். முதலில் வாத்தியார் போனார், வளர்த்த தாடியோடு. பிறகு என் கணவர். அவர் விஷயத்தில் தூக்கம் கலையாத பழைய கதையை யாரும் எடுக்கவில்லை. இறந்தவர்களிடம் எவரிஸ்தோவின் கை நடுங்கவில்லை.

ஓரெஸ்தே நெஞ்சுவலியில் படுத்தபோது எவரிஸ்தோ தினமும் போய்ப் பார்த்தார். பல வருடமாகச் சொந்தக் கையால் மழித்து மழித்து அந்த மனிதரின் கன்னம் உழுத நிலம் மாதிரி இருந்தது.

"டீச்சரம்மா," என்றார் ஓரெஸ்தே ஒரு நாள், "நான் போனதும் நீதான் பண்ணணும். நல்லா ஒட்டப் பண்ணு."

"இப்பவே பண்றேனே. கத்தி கொண்டு வந்திருக்கேன்."

ஓரெஸ்தே வெகுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் பக்கத்தில் இருந்தேன். கை தாடைக்குப் போனது. "இப்ப வேணாம்," என்றார். "சிரிப்பு வந்துடும்."

வியாழக்கிழமை காலை போய்விட்டார். ஜன்னல் வழியே டிராம் மணி கேட்டுக்கொண்டிருந்தது. எவரிஸ்தோ வெள்ளைக் கோட்டில் வந்தார். வெந்நீர், நுரை. அந்த உழுத கன்னத்தை எப்படித்தான் மழித்தாரோ, குழந்தை முகம் மாதிரி வந்தது. கை ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஓரெஸ்தேயின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டாள்.

கழுத்துக்கு வந்ததும், பழக்கம்தான், விரல் மொளி தாடைக்கு அடியில் போனது. மெல்ல, இரண்டு தட்டு.

தட்டிவிட்டு, கத்தியை உயர்த்திப் பிடித்தபடி, அந்தத் தலை தானாக உயரட்டும் என்று எவரிஸ்தோ காத்துக்கொண்டு நின்றார்.